கண்ணு தெரியாதவர் கல்வெட்டு படிக்கலாமா?

கேத்தரின் குட்லிக். இந்தப் பேரை நம்ம அரியலூர், பெரம்பலூர் பக்கம் அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டாங்க. நானும் கேள்விப்பட்டதில்லை. நான் பொட்டி தட்டுறவன். எனக்கும் சரித்திரத்துக்கும் இருந்த ஒரே சம்பந்தம், ஜெயங்கொண்டத்துல பொறந்ததும், சின்ன வயசுல கங்கைகொண்ட சோழபுரம் கோயில் புல்தரையில உருண்டு விளையாடினதும்தான் :-)

அந்தம்மா எனக்கு அறிமுகமானது ஆபீஸ் ஆணி மூலமா. அமெரிக்க கிளையன்ட் ஒருத்தர், "உங்க சாப்ட்வேர் 508 விதிப்படி இருக்கணும்"னு சொல்லிட்டார். அதாவது பார்வை இல்லாதவங்க ஸ்கிரீன் ரீடர் வச்சுக்கிட்டு எல்லா பட்டனையும், எல்லா படிவத்தையும் பயன்படுத்த முடியணும். அது அவங்க ஊர்ல 1973ல வந்த மறுவாழ்வுச் சட்டத்தோட ஒரு பிரிவு. 1998ல அதைத் திருத்திப் பலப்படுத்தியிருக்காங்க. இதே சட்டத்துல 504னு இன்னொரு பிரிவும் இருக்கு. அரசுப் பணம் வாங்குற எந்த அமைப்பும் உடல் குறைபாட்டைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாதுங்கிறது அது. சட்டம் போட்டு நாலு வருஷம் ஆகியும் அதுக்கான விதிமுறைகள்ல கையெழுத்துப் போடாம இழுத்தடிச்சிருக்காங்க.

1977 ஏப்ரல்ல சான் பிரான்சிஸ்கோ அரசு அலுவலகத்துக்குள்ள நூத்துக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகள் புகுந்து உட்கார்ந்துட்டாங்க. சக்கர நாற்காலியில இருக்கிறவங்க, கண் தெரியாதவங்க, காது கேளாதவங்க எல்லாரும். கிட்டத்தட்ட நாலு வாரம் நகரல. போன் இணைப்பைத் துண்டிச்சப்ப, காது கேளாதவங்க ஜன்னல் வழியா சைகை மொழியில வெளிய இருந்தவங்களுக்குச் சேதி சொன்னாங்க. கருஞ்சிறுத்தைகள் கட்சிக்காரங்க சோறு கொண்டுவந்து கொடுத்தாங்க. கடைசியில கையெழுத்து விழுந்துச்சு. நான் ஆபீஸ்ல முனகிக்கிட்டே சரிபண்ணின ஒவ்வொரு பட்டனுக்கும் பின்னாடி இப்படி ஒரு கதை இருக்கு.

இந்தப் போராட்டத்தைப் பத்தி 2015ல ஒரு கண்காட்சி வச்சாங்க. சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்துல இருக்கிற பால் லாங்மோர் நிறுவனம் செஞ்சது. அப்ப அதோட இயக்குநர்தான் குட்லிக்.

*

குட்லிக்குக் கண் பார்வை பிறவியிலேயே ரொம்பக் கம்மி. சட்டப்படி பார்வையற்றவர் பட்டியல்ல வர்ற அளவு. அவங்க எடுத்துக்கிட்ட துறை, பிரெஞ்சு வரலாறு. பழைய கையெழுத்து, மங்கிப்போன தாள், தூசி படிஞ்ச ஆவணக் காப்பகம்னு கண்ணை நம்பியே பிழைக்கிற துறைன்னு எல்லாரும் நினைக்கிறது. 1832லயும் 1849லயும் பாரிஸ்ல வந்த காலராவைப் பத்தி ஆராய்ச்சி பண்ணி, 1996ல புத்தகமா போட்டாங்க. முதல் தடவை ஊரே கலவரமாச்சு, ரெண்டாவது தடவை அவ்வளவு சத்தமில்ல, ஏன்னு கேக்குற புத்தகம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோட டேவிஸ் வளாகத்துல இருபது வருஷத்துக்கு மேல பேராசிரியர். 2012ல லாங்மோர் நிறுவனத்துக்குப் போனாங்க.

2001ல அவங்களும் ஜீனா வேகான்ங்கிற பிரெஞ்சு வரலாற்று ஆசிரியரும் சேர்ந்து ஒரு புத்தகம் கொண்டுவந்தாங்க. பாரிஸ்ல கேன்ஸ் வான்னு ஒரு பழைய ஆஸ்பத்திரி இருக்கு. பேருக்கு அர்த்தம் "பதினஞ்சு இருபது", அதாவது 300. 13ம் நூற்றாண்டுல ஒன்பதாம் லூயி ராஜா 300 கண் தெரியாதவங்களுக்காகக் கட்டினது. அதோட ஆவணங்களுக்குள்ள ஒரு கையெழுத்துப் பிரதி கிடந்திருக்கு. தெரேஸ் அடேல் ஹூசோங்கிற பெண் சொல்லச் சொல்ல வேற ஒருத்தர் எழுதினது. 1803ல நான்சி ஊர்ல பொறந்து, ஒன்பது மாசத்துல அம்மை வந்து பார்வை போனவங்க. இருபத்திச் சொச்சம் வயசுல தனியா பாரிஸுக்கு வந்து, உதவித்தொகை கேட்டு இதைக் கொடுத்திருக்காங்க. கண் தெரியாத பெண்கள் எப்படி வளரணும், வெளியுலகம் அவங்களை எப்படித் தப்பா நினைக்குதுன்னு எழுதிட்டு, கண் தெரியாதவங்க கல்யாணம் பண்ணிக்காம இருக்கிறதே நல்லதுன்னு அறிவுரையும் சொல்லியிருக்காங்க. அப்புறம் அவங்களே கண் தெரியாத ஒருத்தரைக் காதலிச்சுக் கட்டிக்கிட்டாங்க :-) குழந்தைகளுக்கான நாவல்களும் எழுதியிருக்காங்க. 1831ல தீ விபத்துல இறந்துட்டாங்க.

யோசிச்சுப் பாருங்க. இருநூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பார்வையற்ற பெண் தன்னைப் பத்தித் தானே சொன்னது. அதுக்கு முன்னாடி, பின்னாடி கண் தெரியாதவங்களைப் பத்தி எழுதினதெல்லாம் பெரும்பாலும் டாக்டருங்க, பாதிரியாருங்க, தர்ம பிரபுக்கள். அந்தப் பிரதியை எத்தனையோ பேர் தள்ளி வச்சுட்டுப் போயிருக்கலாம்.

2003ல அமெரிக்க வரலாற்றுச் சங்கத்தோட முக்கியமான ஆய்விதழ்ல குட்லிக் ஒரு நீண்ட கட்டுரை எழுதினாங்க. சாராம்சத்தை என் பாஷையில சொன்னா இதான்: இனம், வர்க்கம், ஆண் பெண்ணுன்னு பார்த்து வரலாறு எழுதுறோம்ல, அதே மாதிரி குறைபாடுங்கிறதையும் வச்சுப் பார்க்கணும். அது ஆஸ்பத்திரி சமாச்சாரம் மட்டும் இல்ல. ஒரு சமூகம் யாரை "முழு ஆள்"னு ஒத்துக்குது, யாரை ஒத்துக்கலங்கிற சமாச்சாரம். அப்படிப் பார்த்தா கண் தெரியலைங்கிறது ஒரு பிரச்சினை, அதைச் சுத்தி நாம கட்டி வச்சிருக்கிறது இன்னொரு பிரச்சினை. பல நேரம் ரெண்டாவதுதான் பெருசு.

அந்த நிறுவனத்துக்குப் பேர் தந்த பால் லாங்மோர் கதையையும் சொல்லிடறேன். ஏழு வயசுல போலியோ வந்து கைகள் செயலிழந்துபோன வரலாற்று ஆசிரியர். மூச்சுக்கு மிஷின். வாயில பேனாவைக் கவ்வி, கீபோர்டுல ஒவ்வொரு எழுத்தா குத்தி, பத்து வருஷம் போல உழைச்சு ஜார்ஜ் வாஷிங்டன் பத்தி ஒரு புத்தகம் எழுதினார். 1988ல வெளிவந்துச்சு. அதுல வர்ற ராயல்டி வருமானக் கணக்குல ஏறினா, அவர் உயிரோட இருக்கிறதுக்கான மருத்துவ உதவியையே அரசு நிறுத்திடும்னு நிலைமை. "உழைச்சா தண்டனை"ங்கிற அந்த விதியைக் கண்டிச்சு, அந்த வருஷம் அக்டோபர்ல லாஸ் ஏஞ்சலஸ் அரசு அலுவலகத்து முன்னாடி தன் புத்தகத்தைத் தானே கொளுத்தினார். அதுக்கப்புறம் விதியைத் தளர்த்தினாங்க. 2010ல அவர் இறந்தப்புறம் முடிக்காம விட்ட கடைசிப் புத்தகம் 2016ல வெளிவர வேலை பார்த்ததும் குட்லிக்தான்.

*

இதெல்லாம் சரி, அமெரிக்கா கதை நமக்கு எதுக்குன்னு கேப்பீங்க. எனக்கு இதைப் படிக்கப் படிக்க ஒருத்தர் ஞாபகமாவே இருந்துச்சு. பேர் வேணாம், அண்ணேன்னே சொல்றேன். எங்க ஊருக்குப் பக்கத்து ஊரு. வீட்டுக்கு மூணு ஏக்கர் முந்திரிக் காடு. அண்ணனுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. தஞ்சாவூர்ல பார்வையற்றோர் பள்ளி விடுதியில தங்கிப் படிச்சு, அப்புறம் கல்லூரியில பி.ஏ. வரலாறு.

நான் பெரம்பலூர்ல இன்ஜினியரிங் படிச்சப்ப அவருக்கு ஒரு பரீட்சை எழுதப் போனேன். அவர் சொல்வார், நான் எழுதணும். "ஸ்கிரைப்"னு சொல்வாங்க. 2013லயே மத்திய அரசு வழிகாட்டுதல் வந்தாச்சு. ஸ்கிரைப் வச்சுக்கலாம், ஒரு மணி நேரத்துக்குக் குறைஞ்சது 20 நிமிஷம் கூடுதலா கொடுக்கணும். ஆனா அந்த ஹால்ல அதெல்லாம் யாருக்கும் தெரியல. "மூணு மணி நேரம் ஆச்சு, பேப்பரைக் கொடு"ன்னுட்டாங்க. அண்ணன் பையிலிருந்து அந்த உத்தரவோட நகலை எடுத்து நீட்டினார். எப்பவும் வச்சிருப்பாராம். அதை வாங்கிட்டுப் போய் அஞ்சு பேர்கிட்ட கேட்டுட்டு வர்றதுக்கே அரை மணி நேரம் போச்சு.

அதுல ஒரு கேள்வி, இந்திய வரைபடத்துல அஞ்சு இடம் குறிக்கணும். மாற்றுக் கேள்வி கிடையாது. அண்ணன் அசரல. "தம்பி, கன்னியாகுமரிலேர்ந்து கிழக்குக் கரையோட விரலை மேல கொண்டா. நாகப்பட்டினத்துல ஒரு மூக்கு மாதிரி நீட்டும். அங்கேர்ந்து வடமேற்கால உள்ள போ, கொள்ளிடத்தைத் தாண்டினதும் ஒரு புள்ளி வை. கங்கைகொண்ட சோழபுரம்"னார். அந்த வரைபடம் அவர் தலைக்குள்ள இருந்துச்சு. பள்ளியில மணல் ஒட்டின மேப்பைத் தடவித் தடவிப் படிச்சதாம். சுமார் பத்து கிலோமீட்டர் தூரத்துல பொறந்து வளர்ந்த நான், அவர் சொல்லலைன்னா அந்தப் புள்ளியை எங்கேயோ கடலூர்கிட்ட வச்சிருப்பேன்.

எம்.ஏ. முடிச்சார். கல்வெட்டு சம்பந்தமா ஆராய்ச்சி பண்ணணும்னு ஆசை. உடையார்பாளையம் சுத்துவட்டாரத்துல சோழர் காலத்து ஏரி, நிலம், வரி இதெல்லாம்தான் தலைப்பு. ஒரு இடத்துல போய்க் கேட்டப்ப, "கண்ணு தெரியாம கல்வெட்டு எப்படிப்பா? வேற ஏதாவது ஈசியா எடுத்துக்க"ன்னு அன்பாத்தான் சொன்னாங்களாம். அண்ணன் என்கிட்ட சொன்னது இன்னும் காதுல நிக்குது: "திட்டியிருந்தா திருப்பிக் கேட்டிருப்பேன்டா. பாசமா சொன்னாங்க, என்ன பண்றது?"

இப்ப அவர் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில வரலாறு ஆசிரியர். அந்த ஆசை மட்டும் போகல.

*

ஒரு தடவை அவரைக் கங்கைகொண்ட சோழபுரம் கூட்டிட்டுப் போனேன். முதலாம் ராஜேந்திரன் கட்டின தலைநகரம், இருநூறு வருஷத்துக்கு மேல சோழர்கள் அங்கேர்ந்து ஆண்டாங்க, 2004லேர்ந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சதெல்லாம் எடுத்து விட்டேன். அண்ணன் சிரிச்சுக்கிட்டே, "19ம் நூற்றாண்டுல கொள்ளிடத்துல கீழணை கட்டுறப்ப இந்தக் கோயில் மதில் கல்லைத்தான் பேத்து எடுத்துட்டுப் போனாங்க, அது தெரியுமா"ன்னார். தெரியாது.

சுவத்துல ஒரு கல்வெட்டு வரியில அவர் விரலை வச்சேன். மெதுவா நகர்த்தினார். "இது என்ன எழுத்து தம்பி?"ன்னார். நான் பார்த்தேன். தமிழ்தான். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின தமிழ். ஒரு க, ஒரு ர தவிர எனக்கு ஒண்ணும் புரியல. "தெரியலண்ணே"ன்னேன். "அப்ப நாம ரெண்டு பேரும் ஒண்ணுதான்"ன்னு சொல்லி அவர் சிரிச்ச சிரிப்பு இருக்கே!

அதுதான் விஷயம். கல்வெட்டைப் படிக்கிறது கண் இல்ல, பயிற்சி. இன்னொண்ணு, பெரும்பாலான ஆய்வாளர்கள் கல்லு முன்னாடி நின்னுக்கிட்டே வேலை பார்க்கிறதில்ல. முதல்ல மைப்படி எடுப்பாங்க. ஈரத் தாளைக் கல்லு மேல ஒட்டி பிரஷ்ஷால அடிச்சா தாள் எழுத்துக் குழிக்குள்ள பதியும், அதுமேல மை ஒத்துவாங்க. அந்தத் தாளைக் கையில கொடுத்தா விரலுக்கும் எழுத்து தெரியுமேன்னு அண்ணன் சொன்னப்பதான் எனக்கு உறைச்சுது. அப்புறம் அந்த மைப்படியைப் படிச்சு அச்சுல போடுறாங்க. தென்னிந்தியக் கல்வெட்டுகள்னு மத்திய தொல்லியல் துறை தொகுதி தொகுதியா போட்டதுல முதல் தொகுதி வந்தது 1890ல. வரலாற்று ஆசிரியர்கள் அதிகமா புரட்டுறது அந்த அச்சுப் புத்தகங்களைத்தான்.

இன்னும் கேளுங்க. ஜப்பான்காரர் நொபொரு கராஷிமா, நம்ம எ. சுப்பராயலு, தோரு மட்சுயி மூணு பேரும் சோழர் கல்வெட்டுகள்ல வர்ற ஆள் பேர்களையெல்லாம் கம்ப்யூட்டர் உதவியோட தொகுத்து 1978ல வெளியிட்டாங்க. யாருக்கு என்ன பட்டம், எந்த ஊர், எந்தக் காலம்னு எண்ணி எண்ணியே சோழர் சமூகத்தைப் பத்திப் புதுசா எவ்வளவோ கண்டுபிடிச்சாங்க. எழுத்து வடிவம் மெஷினுக்குள்ள போயிடுச்சுன்னா, தேடுறதுக்கும் எண்ணுறதுக்கும் கண்ணு எதுக்கு? ஸ்கிரீன் ரீடர் போதும்.

அப்ப "கண்ணு தெரியாம கல்வெட்டு எப்படி"ங்கிற கேள்விக்குப் பதில், "புத்தகத்தை மெஷின் வாசிக்கிற மாதிரி கொடுங்க, அப்படித்தான்".

*

இங்கதான் நம்ம துறை வருது. 2006ல ஆஸ்திரேலியாவுல மைக்கேல் கரன், ஜேம்ஸ் டேன்னு ரெண்டு பார்வையற்ற இளைஞர்கள் என்விடிஏங்கிற இலவச ஸ்கிரீன் ரீடரை உருவாக்கத் தொடங்கினாங்க. காசு கொடுத்து வாங்குற சாப்ட்வேரோட விலை அதுவரைக்கும் ஒரு லேப்டாப் விலையை விட அதிகம். இன்னைக்கு என்விடிஏ தமிழும் பேசும். ஆனா எதைப் பேசும்? யூனிகோடுல இருந்தாத்தான் பேசும். பாமினி, டாம், டாப்னு பழைய எழுத்துருக்கள்ல அடிச்ச பைலைக் கொடுத்தா, கிறுக்குப் பிடிச்ச மாதிரி ஆங்கில எழுத்துக்களா உளறும். 2010ல தமிழக அரசு யூனிகோடை அதிகாரபூர்வமா ஏத்துக்கிட்டும், பழைய பைல்கள் அப்படியே கிடக்கு. ஸ்கேன் பண்ணின பிடிஎப்னா இன்னும் மோசம். அது வெறும் படம். ஸ்கிரீன் ரீடருக்கு அது வெத்துத் தாள்.

சட்டம் நம்ம பக்கம்தான் இருக்கு. 2012ல காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பார்வையற்றவங்க படிக்கிற வடிவத்துக்குப் புத்தகத்தை மாத்த அனுமதி கொடுத்தாச்சு. அதுக்கான சர்வதேச மராகேஷ் உடன்படிக்கையை 2014ல உலகத்துலயே முதல்ல ஏத்துக்கிட்ட நாடு இந்தியா. 1995 சட்டத்துல வேலைக்கு 3 சதவீத இடஒதுக்கீடு வந்துச்சு, அதுல 1 சதவீதம் பார்வைக் குறைபாடு உள்ளவங்களுக்கு. அதை ஒழுங்கா கணக்குப் போட்டுக் கொடுக்கச் சொல்லி பார்வையற்றோர் தேசிய சம்மேளனம் கோர்ட்டுக்கு அலைஞ்சு, 2013 அக்டோபர்லதான் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துச்சு. 2016 சட்டத்துல மொத்தம் 4 சதவீதமாச்சு. மத்தியப் பிரதேசத்துல பார்வையற்றவங்க நீதிபதியாக முடியாதுன்னு இருந்த விதியை எதிர்த்து ஒரு அம்மா தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுத, 2025 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் அந்த விதியையே ரத்து பண்ணிடுச்சு. நம்ம சென்னைப் பொண்ணு பெனோ செபைன் 2015ல வெளியுறவுப் பணிக்குப் போனாங்க, முழுப் பார்வையின்மை உள்ளவங்கள்ல முதல் ஆள். நீதிபதியாகலாம், தூதரகத்துல வேலை பார்க்கலாம், கல்வெட்டு மட்டும் கூடாதா?

2011 கணக்கெடுப்புப்படி இந்தியாவுல பார்வைக் குறைபாடு உள்ளவங்க சுமார் 50 லட்சம். அவங்கள்ல எத்தனை பேர்கிட்ட நாம "வேற ஏதாவது ஈசியா எடுத்துக்க"ன்னு பாசமா சொல்லியிருப்போம்?

அமெரிக்காவுல ஜேகோபஸ் டென்புரூக்னு ஒருத்தர் இருந்தார். பதினாலு வயசுக்குள்ள முழுப் பார்வையும் போனவர். பெர்க்லியில பேராசிரியர். அடிமை ஒழிப்பு இயக்கத்துலேர்ந்து அவங்க அரசியல் சட்டத்தோட 14வது திருத்தம் எப்படி வந்துச்சுன்னு 1951ல புத்தகம் எழுதினவர். 1940ல அந்த ஊர் பார்வையற்றோர் சம்மேளனத்தை ஆரம்பிச்சவரும் அவர்தான். 1966ல எழுதின ஒரு கட்டுரையில அவர் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். உலகத்துல இருக்கிற உரிமை. கண் தெரியாத ஒருத்தர் தெருவுல நடந்து போய்க் குழியில விழுந்தா, "நீ ஏன் தனியா வந்தே"ன்னு கேக்காதே, "ஏன் குழியை மூடலை"ன்னு கேளுங்கிறார். சுண்ணாம்புக்கல் லாரி ஓடுற அரியலூர் ரோட்டுல அண்ணன் கைத்தடியோட ஸ்கூலுக்குப் போறப்ப எனக்கு இது ஞாபகம் வரும். கல்வெட்டு விஷயமும் அதேதான். புத்தகத்தைப் பூட்டி வச்சுட்டு, உனக்கு ஏன் கண்ணு தெரியலைன்னு கேக்குறோம்.

குட்லிக் கட்டுரையை அண்ணனுக்குத் தமிழ்ல சொல்லிச் சொல்லிக் காட்டினேன். முழுசும் கேட்டுட்டு ஒண்ணுதான் சொன்னார்: "அந்தம்மா பாரிஸ் காலரா பத்தி எழுதினாங்க பாரு, அது எனக்குப் பிடிச்சிருக்கு. கண் தெரியாதவ கண்ணைப் பத்தித்தான் எழுதணும்னு இல்லல்ல? நான் ஏரியைப் பத்தி எழுதுறேன்."

ஆறு மாசமா சனிக்கிழமை சாயங்காலம் எங்களுக்கு இதான் வேலை. எங்க பகுதிக் கல்வெட்டுகள் இருக்கிற பழைய தொகுதிகளோட ஸ்கேனை ஓசிஆர்ல போடுவேன். ணவும் னவும் குழம்பும், கிரந்த எழுத்து வந்தா கையெடுத்துக் கும்பிட்டுடும், வரி நடுவுல உடைஞ்ச சொல்லு அப்படியே நிக்கும். நான் போன்ல வாசிக்க வாசிக்க, அண்ணன் "அது நீர்நிலம் இல்லடா, நீங்கல் நிலம். வரியிலேர்ந்து கழிச்ச நிலம். திருத்து"ம்பார். இதுவரைக்கும் நூத்துப் பத்து பக்கம் யூனிகோடுல ஏத்தியாச்சு. பகுதிநேர பிஎச்டிக்கு விண்ணப்பமும் போட்டிருக்கார். இந்தத் தடவை தலைப்பை மாத்தச் சொன்னா, பையில எடுத்துட்டுப் போக இந்த நூத்துப் பத்து பக்கமும் இருக்கு.

டிஸ்கி: பழைய வரலாற்றுப் புத்தகம் தமிழ்ல எழுதி, பாமினியில அடிச்ச பைல் யாராவது கம்ப்யூட்டர்ல வச்சிருந்தீங்கன்னா, தயவுசெஞ்சு யூனிகோடுக்கு மாத்தி வைங்க மக்களே. மாத்துறதுக்கு அஞ்சு நிமிஷம்தான். அதைப் படிக்க ஒருத்தர் எத்தனை வருஷமா காத்திருக்கார்னு நமக்குத் தெரியாது.